அறுந்த சங்கிலியோடு ஆரணிக்குப் போனேன்

சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் கையிலிருந்து அந்த வாடை போகவில்லை. பச்சை மரத்தூளும் வண்டியிலிருந்து இறக்கிய பழைய எண்ணெயும் கலந்த வாடை. உன் வாடைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் தோட்டத்திலாவது மரம் அறுத்துவிட்டு நேராக என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து காப்பி கேட்பாய். அப்போது உன் புடவையில் வரும் அதே வாடை. பிரசவ வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பெண்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். தலை முழுக்க மரத்தூள், முழங்கால் வரை சேறு. ஒரு அம்மாள் மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டாள். உட்காரட்டும்.

உள்ளே உன் மகள் இருக்கிறாள். மேகலாவுக்கு விடிவதற்கு முன்பே பனிக்குடம் உடைந்துவிட்டது. இங்கே கொண்டுவந்து சேர்த்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. டாக்டரம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு உடனே உள்ளே கொண்டுபோகச் சொன்னார். ஏன் இவ்வளவு நேரம் என்று திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். பேச ஆளில்லை, அதனால் உன்னிடம் பேசுகிறேன். போன மழைக்காலத்தில் வெறும் காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்காமலே போய்விட்டாய். இன்று காலையிலிருந்து உன்னை நான் திட்டாத திட்டு இல்லை. அதையும் கேட்டுக்கொள்.

உன் வீட்டு வாசல் தூங்குமூஞ்சி மரம் விழுந்துவிட்டது. ஊரில் இருக்கிற மரத்தையெல்லாம் அறுத்தாய், அந்த மரத்தில் மட்டும் யாரையும் கை வைக்க விடவில்லை. வேர் பக்கம் பூச்சி விழுந்திருக்கிறது என்று நான் காட்டியபோது என்ன சொன்னாய்? "நெழலுடி அது. அது பாட்டுக்கு நிக்கட்டும், உனுக்கு இன்னா பேஜாரு?" நேற்று ராத்திரிப் புயல் காற்றில் அது வேரோடு சாய்ந்து முன்சுவர் மேல் படுத்துக்கொண்டது. அதன் பெரிய கிளை ஒன்று கதவை அப்படியே அழுத்திப் பிடித்திருந்தது. பின்பக்கம் ஏரிக்கால்வாய் கரையை மீறி, ஆளை இழுக்கிற வேகத்தில் ஓடுகிறது. அந்த வீட்டுக்கு முன்வாசல் ஒன்றுதான். மாப்பிள்ளை வள்ளூர் மின் நிலையத்துக்கு இரவு ஷிப்டுக்குப் போனவர், தண்ணீர் சூழ்ந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். உன் மகள் உள்ளே தனியாக.

எதிர்வீட்டு முனிரத்தினம் அண்ணன் கடப்பாரையோடுதான் வந்தார். சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடப்பாரையைக் கீழே போட்டார். "செவுரு ஏற்கெனவே வெடிச்சிருக்குது. ஒரு இடி இடிச்சா மேல கீற மரம் உள்ள எறங்கிடும். பொண்ணு மேலயே எறங்கிடும்மா. கதவாண்ட கீற கெளைய மட்டும் நைசா எடுத்தாத்தான் உண்டு." அந்தக் கிளை என் இடுப்புப் பருமன். அரிவாளால் கொத்தினால் மரம் அதிரும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேகலா நின்றாள். அவள் விரல் நான்கு மட்டும் எனக்குத் தெரிந்தது. வலி வரும்போது அந்த விரல்கள் வெளுத்துப் போகும், வலி விட்டதும் மறுபடி நிறம் வரும். "சித்தி, போயிடாத சித்தி" என்றாள்.

போய்த்தான் ஆகவேண்டும். ஓடிப்போய் என் கட்டிலுக்கு அடியிலிருந்து உன் மோட்டார் சங்கிலி ரம்பத்தை இழுத்தேன். நீ போன பிறகு மேகலா அதைத் தொடவில்லை. "பாத்தாலே பயமா கீது, நீயே வெச்சுக்க சித்தி" என்று என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் அவ்வப்போது அதைத் திண்டாடித் திண்டாடி ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி சாக்கில் சுற்றி வைப்பேன். அதுவும் செத்துப்போய்விடக் கூடாது என்று ஒரு பைத்தியக்காரத்தனம். ஆனால் சங்கிலியை மட்டும் நான் பார்க்கவே இல்லை. கடைசியாக நீ மாட்டிய அதே சங்கிலி. தேய்ந்து, தொங்கிப்போய்க் கிடந்தது. இறுக்குகிற திருகைக் கடைசி வரை திருகியும் கொஞ்சம் தொங்கத்தான் செய்தது. பரவாயில்லை என்று அறுக்க ஆரம்பித்தேன். குறுக்கே இருந்த சின்னக் கிளைகள் போயின. பெரிய கிளையில் கால்வாசி போயிருக்கும். டியூஷன் போர்டு மாட்டுவதற்கு எவனோ அடித்திருந்த ஆணி உள்ளே இருந்திருக்கிறது. ஒரு பொறி பறந்தது, படீரென்று ஒரு சத்தம். சங்கிலி அறுந்து சேற்றில் போய் விழுந்தது.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். அறுந்த சங்கிலியை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினேன். முனிரத்தினம் அண்ணன் மொபெட்டில் தரைப்பாலம் வரை கொண்டுவிட்டார். அதற்கு மேல் தொடை அளவு தண்ணீர். அவரை மேகலாவோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்து ஆரணிக் கடைத்தெருவுக்கு நடந்தேன்.

அந்தத் தண்ணீரில் நடந்தபோது உன்னை முதலில் பார்த்த நாள்தான் ஞாபகம் வந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், மெஷின்களை வைத்து அனுப்பும் மரப்பெட்டி செய்கிற நம் யார்டு. நான் ஸ்டோரில். நீ கட்டை அறுக்கும் பக்கம். புதுச் சங்கிலி கேட்டு வந்தாய், சீட்டில் பதினாலு இன்ச் என்று எழுதியிருந்தது, நான் பதினாலு இன்ச் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அரை மணியில் திரும்பி வந்து கவுண்டரில் டமால் என்று போட்டாய். "பதினாலு இன்ச்சுன்றது பாரோட அளவு. சங்கிலிக்கு இன்ச்சு கெடையாது, ஸ்டோரு." அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். சாகும் வரை நீ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

பார் என்பது சங்கிலி சுற்றி ஓடுகிற அந்த நீளத் தகடு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதன் ஓரத்தில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி ஓடுகிற பற்களை நீ அடிப்பல் என்பாய். சங்கிலி வாங்குவதென்றால் மூன்று கேள்வி என்றாய். கண்ணிக்குக் கண்ணி இடைவெளி என்ன, அடிப்பல் என்ன கனம், மொத்தம் எத்தனை அடிப்பல். இடைவெளி தப்பினால் சங்கிலியை இழுத்து ஓட்டுகிற சக்கரத்தில் உட்காராது. கனம் தப்பினால் பள்ளத்தில் ஆடும், இல்லாவிட்டால் இறங்கவே இறங்காது. எண்ணிக்கை தப்பினால், கூடப் போனால் கழன்று வரும், குறைந்து போனால் மாட்டவே முடியாது. ஒரே பதினாலு இன்ச்தான், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி அடிப்பல் எண்ணிக்கை மாறும் என்று சொல்லிச் சிரித்தாய். கடைக்குப் போகும்போதெல்லாம் பாரையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாய். அதன் வாலில் இந்த மூன்று விவரமும் பொறித்திருக்கும். ஒருதடவை நான் சங்கிலியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது வழிமறித்து, "மாப்பிள்ளைய ஊட்டுல வுட்டுட்டு பொண்ண மட்டும் மணவறைக்கு இட்னு போறியா?" என்றாய். யார்டே சிரித்தது. எனக்குக் கோபம். ஒருநாள் முழுக்க உன்னோடு பேசவில்லை, டீக்கு மட்டும் வந்தேன்.

கடைத்தெருவில் ரம்பச் சங்கிலி விற்கிற ஹார்டுவேர் கடையில் திருவிழாக் கூட்டம். ஊர் ஊராக மரம் விழுந்திருக்கிறதே. கரண்ட் இல்லை. கடைக்கார பாய் கதவோரம் மேஜையைப் போட்டு, வெளிச்சத்தில் உட்கார்ந்து சங்கிலி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டப்பாவில் வருவதெல்லாம் காலையிலேயே தீர்ந்துவிட்டது. நீளச் சுருளிலிருந்து வேண்டிய அளவு வெட்டி, முனை இரண்டையும் ஆணி வைத்து அடித்துக் கொடுக்கிறார். "சுருளு முடியப் போவுது. ஒருத்தருக்கு ஒரு சுத்துதான், ரெண்டாவது கேக்காதீங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே புகுந்து, ஒரு பெண் பிரசவ வலியோடு மரம் விழுந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று கத்தினேன். கூட்டம் வழிவிட்டது. அதுவரை நல்லவர்கள்தான்.

பாய் சங்கிலியை வாங்கிப் பார்த்தார். இடைவெளியும் கனமும் சுருளோடு ஒத்துப் போயிற்று. எனக்கு உயிர் வந்தது. பிறகு கேட்டார், "பார் எங்கம்மா?"

என் கை பைக்குள்ளே போயிற்று. வெறும் பை. திரும்பிப் போய் எடுத்து வர நேரமில்லை. மாப்பிள்ளையை விட்டுவிட்டு வந்துவிட்டேன்டி என்று உன்னிடம்தான் சொன்னேன், வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. "எந்த மாப்பிள்ளம்மா?" என்று பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அவர் ஒரு வழி சொன்னார். என் சங்கிலியை மேஜையில் நீட்டி வைத்தார். பக்கத்திலேயே சுருளை இழுத்து, அதே நீளத்துக்கு வைத்து எண்ணினார். ஐம்பத்திரண்டு அடிப்பல். "உன்னுது அறுந்ததுல ஒரு துண்டு பறந்து போயிருக்குது பாரு. மிச்சத்துக்கே அம்பத்திரெண்டு வருது. போன துண்டுக்கு ஒன்னு சேத்துக்க. அம்பத்திமூணு போட்டுத் தரேன்." கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பின்னால் நின்ற எல்லோரும் சரிதான் என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டிவிட்டேன். பாய் சுருளில் உளியை வைத்துவிட்டார்.

"இருங்க பாய்" என்றேன். ஏன் சொன்னேன் என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் நீளத்தை அளந்தார், என் சங்கிலியை எண்ணவில்லை. "இத நான் எண்ணிக்கிறேன்" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு ஆள், சோழவரம் பக்கத்துக்காரராம், "குடுக்கறத வாங்கினு போவியா, இங்க இன்னா நகை கடையா? எங்க ஊட்டு மேலயும்தான் மரம் கெடக்குது" என்றார். நான் எண்ணினேன். சேறு பிடித்த பற்கள், ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பாதியில் யாரோ இடித்து எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து. மேகலாவின் விரல்கள் வெளுப்பதும் நிறம் திரும்புவதும் கண்ணுக்குள்ளேயே நின்றது. எண்ணுவதைவிட அழுதுவிடுவது சுலபம் போலிருந்தது. பாய்தான் கையைத் தூக்கி, "சும்மா கெடங்கப்பா, எண்ணட்டும்" என்று அடக்கினார். ஐம்பத்தொன்று வந்தது.

அப்படியானால் பறந்துபோன துண்டில் எத்தனை? அறுந்த முனை இரண்டையும் நேருக்கு நேர் பிடித்துப் பார்த்தேன். யார்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சங்கிலியை மடியில் போட்டுக்கொண்டு, மேலே மரத்தை அறுக்கிற பற்களின் வரிசையை நீ எனக்குக் காட்டியிருந்தாய், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கீழே ஒரு அடிப்பல். "எடப்பல்லு, சும்மா தகடு, வலப்பல்லு, மறுபடி சும்மா தகடு. மனுசன் நடக்கற மாரிதான். எடது காலு வெச்சா அடுத்து வலதுதான வைப்ப?" என் கையில் ஒரு முனை இடப்பல்லும் அதையொட்டித் தொங்கும் அடிப்பல்லுமாக முடிந்திருந்தது. மறுமுனை வலப்பல்லில் தொடங்கியது. நடுவில் இருந்திருக்க வேண்டியது ஒரே ஒரு வெறும் தகடு, அதோடு சேர்ந்த ஒரு அடிப்பல். அவ்வளவுதான் போயிருக்கிறது. ஐம்பத்தொன்றும் ஒன்றும். ஐம்பத்திரண்டு.

"அம்பத்திரண்டே போடுங்க பாய்."

"தப்பும்மா. நீளம் பாத்தியே நீயே."

"தேய்ஞ்ச சங்கிலி இழுத்துக்கினு நீளமாயிடும் பாய். பழசோட நீளத்த நம்பக்கூடாது. காலைல திருக கடைசி வரைக்கும் இறுக்கிப் பாத்தேன், அப்பவே தொங்குச்சு."

பாய் உளியைக் கீழே வைத்தார். "யம்மா, நீளமா போச்சுன்னா அப்பறம் கொறைச்சுக்கலாம். கட்டையா போச்சுன்னா ஒன்னும் பண்ண முடியாது. உனுக்கு வெட்டினா சுருளுல மிச்சம் ஒரு சுத்துதான் நிக்கும், அது பின்னால நிக்கற சோழவரத்துக்காரருக்கு. யோசிச்சு சொல்லு."

நீளமாகப் போனால் குறைக்க மறுபடி இங்கேதான் வர வேண்டும், அதற்கு மேகலாவுக்கு நேரமில்லை. யோசிக்க என்ன இருக்கிறது எனக்கு? நீ சொன்னது இருக்கிறது. நீ சொன்னது சரியா என்று கேட்க நீ இல்லை. அத்தனை ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, செத்துப்போன ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் விளையாட்டாகச் சொன்ன பேச்சை நம்பி உன் மகளின் உயிரை வைத்தேன். ஐம்பத்திரண்டுதான் என்று மறுபடி சொன்னேன். பாய் வெட்டி, முனைகளைச் சேர்த்து, சுத்தியலால் தட்டிக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது ஜன்னலில் விரல்கள் இல்லை. முனிரத்தினம் அண்ணன் முகம் இறங்கிப்போய் நின்றார். "படுத்துக்கினுகீது. கூப்பிட்டா முனகல்தான் வருது" என்றார். நூற்றியெட்டு வண்டி மெயின்ரோடு வரை வந்து நிற்கிறது என்றும் சொன்னார். நான் மண்டியிட்டு உட்கார்ந்து சங்கிலியைச் சக்கரத்தில் மாட்டி, பாரைச் சுற்றிக் கொண்டுவந்தேன். பாரின் மூக்கு நுனியில் வந்து நின்றுவிட்டது. ஏறவில்லை. விரற்கடை குறைகிறது.

போச்சு, எல்லாம் போச்சு. நான் உன்னைச் சபித்தேன். மனதார. என்னைத் தனியாக விட்டுப் போனதற்கும், அந்த மரத்தை வெட்டாமல் விட்டதற்கும், இந்தப் பாழாய்ப்போன எண்ணிக்கையை எனக்குச் சொல்லிக் கொடுத்ததற்கும் சேர்த்துச் சபித்தேன். முனிரத்தினம் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தத் திருகு இன்னாத்துக்கும்மா இவ்ளோ முன்னாடி தள்ளிக்கினு கீது?" என்றார்.

காலையில் நான் இறுக்கிய திருகு. பழைய சங்கிலியின் தொங்கலுக்காகப் பாரைக் கடைசி வரை முன்னால் தள்ளி வைத்ததே நான்தான். திருகைத் திருப்பித் திருப்பிப் பாரைப் பின்னால் இழுத்தேன். சங்கிலி மூக்கைத் தாண்டி, பள்ளத்தில் இறங்கி, அப்படியே உட்கார்ந்தது. மறுபடி கொஞ்சம் இறுக்கி, கையால் இழுத்துப் பார்த்தேன். தொங்கலும் இல்லை, பிடிப்பும் இல்லை. ஐம்பத்திரண்டுதான். நான் அழுதுகொண்டே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணினேன்.

ஆணிக்குத் தள்ளி வேறு இடத்தில் வைத்து அறுத்தேன். கிளை விழுந்த அதிர்வில் சுவர் ஒரு தரம் குலுங்கியது. மரம் இறங்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். உன் மகளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு தெரு ஆண்கள் தண்ணீரில் நடந்தார்கள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

இதுவரை வெளியே உட்கார்ந்தபடி உன்னோடு பேசியது. இதற்கு மேல் சொல்வது, உள்ளே போய்விட்டு வந்த பிறகு.

நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து, "மேகலாவுக்கு அம்மா வந்திருக்காங்களா? உள்ள ஒருத்தர் வரலாம்" என்றாள். எழுந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. கையைக் கழுவச் சொன்னார்கள், தலையைத் துணியால் கட்டச் சொன்னார்கள். மேகலா பலமே இல்லாமல் கிடந்தாள். தள்ளு தள்ளு என்கிறார்கள், அவளால் முடியவில்லை. "எனக்கு வேணாம், என்ன வுட்டுடுங்க" என்று முனகினாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன விதம் அப்படியே நீ. அந்த இடத்தில் நீ நின்றிருக்க வேண்டும். நீ திட்டியிருந்தால் எழுந்து உட்கார்ந்தே பெற்றிருப்பாள். எனக்கு அப்படித் திட்ட வராது. நான் தலைமாட்டில் நின்று அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு வலி வந்து அவளைத் தூக்கிப் போட்டது. "அம்மா" என்று அலறினாள்.

நீ செத்த அன்றைக்குப் பிறகு அவள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் உன் படத்துக்கு முன்னால் நின்றபோதுகூடச் சொன்னதில்லை. அவள் கூப்பிட்டது உன்னைத்தான். அது எனக்குத் தெரியும், என்னைவிட நன்றாக அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த அறையில் அந்தக் கூப்பாடு பதில் இல்லாமல் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான் யோசிப்பதற்குள் என் வாய் சொல்லிவிட்டது.

"இன்னாம்மா. இங்கதான் கீறேன்."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் தள்ளினாள்.

பெண் குழந்தை. முதலில் அழவில்லை, எல்லோரும் அதைச் சூழ்ந்துகொண்டார்கள், பிறகு அழுதது. இருவரும் தூங்குகிறார்கள். நான் வெளியே வந்து உட்கார்ந்து உனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் மகள் கூப்பிட்டாள், நான் போய்விட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி. இனிமேல் அவள் எப்போது கூப்பிட்டாலும் நான்தான் போவேன்.